கேம் விளையாட எதை வாங்கலாம்: போன், கன்சோல், பிசி, கிளவுட்

கேமிங்குக்கு எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் வரும் பதில்கள் நமக்கெல்லாம் மனப்பாடம். கிராபிக்ஸ் கார்டு எது, ராம் எவ்வளவு, திரை எத்தனை ஹெர்ட்ஸ், 60 ஃபிரேம் குறையாமல் வருமா. பிளேஸ்டேஷன் மாதிரியான கன்சோல் கட்சிக்கும் பிசி கட்சிக்கும் சண்டை மூளும். நடுவில் ஒருவர் "போனே போதுமே" என்று சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். இவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை: இந்தக் கருவியில் விளையாடினால் என்னைப் பற்றி யாருக்கு என்னவெல்லாம் தெரியவரும், வேண்டாம் என்று தோன்றினால் அதை நிறுத்த வழி இருக்கிறதா?

"எல்லாக் கம்பெனியும்தான் பார்க்கிறது, இதில் எது வாங்கினால் என்ன" என்று தட்டிக்கழிக்கலாம். ஆனால் கருவிக்குக் கருவி நிலைமை நிறையவே மாறுகிறது. போனில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை அதிகம். கன்சோலில் ஒரே கம்பெனி, ஆனால் அதற்கு நம் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் தெரியும். பிசியில் சில கேம்கள் கேட்கும் அனுமதி வேறெங்கும் இல்லாத அளவுக்கு ஆழமானது. எங்கோ இருக்கும் சர்வரில் கேம் ஓடும் கிளவுடில் மறைப்பதற்கே இடமில்லை. நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். யார் பார்க்கிறார்கள், அணைக்க ஸ்விட்ச் இருக்கிறதா, விளையாடும் அதே கருவியில் என் வாழ்க்கையின் வேறு எதெல்லாம் கிடக்கிறது. மூன்றாவதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஏன் என்பது பிசி பற்றிப் பேசும்போது தெரியும்.

போனிலிருந்து தொடங்கலாம். எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டும் விளையாடலாம். அதனால்தான் முதல் இடம் அதற்கு. அந்தரங்கம் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் கடைசி இடமும் அதற்குத்தான், குறிப்பாக இலவச கேம்கள் விளையாடுகிறவர்களுக்கு.

மூன்று கட்டங்களை ஒரே நிறத்தில் சேர்த்தால் வெடிக்கும் வகையில் ஏதாவது ஒரு இலவச கேமை இறக்கித் திறந்து பாருங்கள். பல நேரம் கேம் வருவதற்கு முன்பே ஒரு திரை வரும். "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று ஆரம்பித்து, பளிச்சென்ற நிறத்தில் ஒரு சம்மதப் பொத்தான், அதன் கீழே மங்கலாக "விருப்பங்களை மாற்று" என்று ஒரு வரி. அந்த மங்கல் வரியைத் தொட்டால் கூட்டாளிகள் பட்டியல் விரியும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் நாம் கேள்விப்பட்டே இராத பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருக்கும். அதற்குச் சொல்லும் காரணம் "சட்டப்பூர்வ நலன்". கலர் மிட்டாய் வெடிக்கிற கேமுக்கு இத்தனை பேரின் நலனா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எல்லாரும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறோம். திரையை அப்படி வடிவமைத்ததே அதற்காகத்தான்.

இதன் இயக்கம் எளிது. கேமை எழுதியவர் விளம்பரம் காட்டுவதற்காக வேறு கம்பெனிகளின் நிரல் துண்டுகளைத் தன் கேமுக்குள் சேர்க்கிறார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. ஒரே துண்டு நூறு ஆப்களில் இருந்தால், அந்த எண்ணை வைத்து நூறு ஆப்களில் நாம் செய்வதையும் ஒரே ஆளின் கணக்கில் சேர்த்துவிடலாம். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது ஆப்பிள் இதில் ஒரு தடை போட்டது. வேறு கம்பெனி ஆப்களிலும் நம்மைப் பின்தொடர வேண்டுமென்றால் ஆப் முதலில் நம்மிடம் கேட்டாக வேண்டும். "வேண்டாம்" என்றால் அந்த எண் அதற்குக் கிடைக்காது. ஆண்ட்ராய்டில் கேள்வி தானாக வராது. செட்டிங்ஸுக்குள் விளம்பரம் என்ற பகுதியைத் தேடிப் போய் நாமே அந்த எண்ணை அழிக்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான், போன் வைத்திருக்கும் எல்லாரும் இன்றே செய்துவிடலாம். இதனால் பின்தொடர்வது அடியோடு நின்றுவிடாது. போனின் மாடல், மொழி, நேர மண்டலம், இணைய முகவரி என்று துண்டு துண்டாகச் சேர்த்து ஆளை ஊகிக்கும் வித்தைகள் உண்டு. ஆனாலும் பாதி வாசலாவது மூடும்.

ஆளின் இருப்பிடத்தையே கேமாக்கியவை தனி ரகம். போகிமான் கோ 2016இல் வந்தபோது ஊரே போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தது. அந்த கேம் நடக்க வேண்டுமானால் நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 2025இல் அதை உருவாக்கிய நியான்டிக், தன் கேம் பிரிவை ஸ்கோப்லி என்ற கம்பெனிக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. நாம் ஒரு கம்பெனியை நம்பிச் சேர்ந்திருப்போம், பல வருடம் கழித்து நம் அக்கவுண்ட் இன்னொரு கம்பெனியின் கையில் இருக்கும். கேம் உலகில் கம்பெனிகள் கைமாறுவது சாதாரணம் என்பதால் "இவர்கள் நல்லவர்கள்" என்ற நம்பிக்கைக்கு ஆயுள் குறைவு.

போனுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. போனில் ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கும். கேமால் உங்கள் வங்கி ஆப்பின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, நீங்கள் அனுமதி கொடுக்காமல் போட்டோவைத் தொட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் போன், சாதாரண விண்டோஸ் கணினியைவிடப் பாதுகாப்பானது. ஆக போனில் தொல்லை கருவியால் வருவதில்லை, இலவசம் என்ற வியாபார முறையால் வருகிறது. காசு கொடுத்து ஒருமுறை வாங்கும் கேம்களை மட்டும் விளையாடினால் பாதித் தலைவலி போய்விடும். 2019இல் தொடங்கிய ஆப்பிள் ஆர்கேட் மாதிரியான சந்தாக்களில் விளம்பரமும் கிடையாது, உள்ளே கடையும் கிடையாது. சுடோகு, சதுரங்கம் போன்றவற்றுக்கு இன்னும் சுலபமான வழி: ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு விளையாடுங்கள். கேம் நன்றாகவே ஓடும், விளம்பரம் வராது. நெட் இருந்தால்தான் திறப்பேன் என்று ஒற்றை ஆள் விளையாடும் சதுரங்கம் அடம்பிடித்தால், அதை அழித்துவிட்டு அடுத்ததைத் தேடலாம். சதுரங்கத்துக்கா பஞ்சம்!

அடுத்து கன்சோல். இதன் மீது எனக்கு முன்பு பெரிய மரியாதை கிடையாது. மூடிய பெட்டி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க முடியாது, கம்பெனி சொல்வதுதான் சட்டம். இதெல்லாம் இன்றும் உண்மைதான். நாம் எந்த கேமை எத்தனை மணிக்கு எடுத்தோம், எந்த இடத்தில் செத்தோம், எப்போது அலுத்துப்போய் மூடினோம், யாரோடு பேசினோம் எல்லாம் ஒரே அக்கவுண்ட்டில் சேரும். ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரே அடியில் போகும் ஆபத்தும் உண்டு. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் திருடர்கள் புகுந்தபோது சுமார் 7.7 கோடி அக்கவுண்ட்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் வெளியே போயின. மூன்று வாரத்துக்கும் மேல் சேவையே முடங்கிக் கிடந்தது.

கன்சோல்காரர்கள் எல்லை மீறப் பார்த்த கதையும் உண்டு. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தியபோது, பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், அறையைப் பார்க்கும் கினெக்ட் கேமரா எப்போதும் செருகியே இருக்க வேண்டும் என்றெல்லாம் மைக்ரோசாஃப்ட் சொன்னது. எழுந்த எதிர்ப்பில் சில மாதங்களுக்குள் இரண்டையும் கைவிட்டது. அடுத்த வருடம் கேமரா இல்லாமலேயே பெட்டியை விற்றது. வாங்குகிறவர்கள் முகம் சுளித்தால் கம்பெனி பின்வாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைய கன்சோல்களில் தரவு அனுப்புவதை "தேவையானது மட்டும்" என்ற அளவுக்குக் குறைக்க ஸ்விட்ச் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இல் பயனர் அக்கவுண்ட் பகுதியில் அந்தரங்கம் என்ற தலைப்புக்குள் போனால் கிடைக்கும். எக்ஸ்பாக்ஸிலும் அதுபோலவே அக்கவுண்ட் பகுதியில் உண்டு. முழுவதும் அணைக்கத்தான் முடியாது.

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு, கன்சோலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஏன் உயர்ந்தது? அதில் வேறு ஒன்றும் இல்லை என்பதால்தான். என் வங்கி வேலை அங்கே நடப்பதில்லை, அலுவலகக் கோப்புகள் இல்லை, குடும்பப் படங்கள் இல்லை, வருமான வரிக் காகிதம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு மோசமான நிரல் புகுந்தாலும் அதற்குத் தெரியப்போவது நான் கார் ஓட்டும் லட்சணம்தான். தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்து, கார்டைச் சேமிக்காமல் கிஃப்ட் கார்டு வைத்து வாங்கினால், 2011 மாதிரி இன்னொன்று நடந்தாலும் தூக்கம் கெடாது.

கன்சோலில் உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கியது நம்முடையதா என்பதில். 2023 மார்ச்சில் நின்டென்டோ தன் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் இணையக் கடையை மூடியது. அதன்பின் அங்கே புதிதாக எதையும் வாங்க வழியில்லை. 2025இல் வந்த நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கும் சில கேம் கார்டுகளில் கேமே இருக்காது, திறவுகோல் மட்டும்தான். கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லாமல் போன கதை த க்ரூ என்ற கார் பந்தய கேமுடையது. 2014இல் வந்த அதை 2024 மார்ச் 31ஆம் தேதி யூபிசாஃப்ட் நிறுத்தியது. சர்வர் இல்லாமல் ஓடாத கேம் என்பதால் வாங்கி வைத்திருந்த டிஸ்க்குகள் அத்தனையும் ஒரே நாளில் வெறும் வட்டத் தகடுகள் ஆயின. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம். 2025இல் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேலானோர் அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். இந்த நோய் பிசியிலும் உண்டு, ஆனால் அங்கே மருந்தும் உண்டு. கன்சோலில் மருந்து இல்லை.

இனி விண்டோஸ் பிசி. சுதந்திரம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. எந்தக் கடையிலும் வாங்கலாம், பழைய கேமைத் தூசு தட்டி ஓட்டலாம், கேமையே மாற்றியமைக்கும் மாட் போடலாம், கணினியின் பாகம் மாற்றலாம். ஜிஓஜி போன்ற கடையில் வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு கிடையாது, கடை மூடினாலும் கேம் நம்மிடம் இருக்கும். நான் மேலே சொன்ன மருந்து இதுதான். விண்டோஸ் நம்மைப் பற்றி மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவதும், விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்பதும் எல்லாருக்கும் தெரிந்த புலம்பல்கள். அதில் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

என் கவலை ஆன்டி-சீட். அதாவது ஆன்லைன் போட்டிகளில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க கேமோடு சேர்ந்து வரும் நிரல். வாலரன்ட் என்ற சுடும் கேமை விளையாட வேண்டுமென்றால் வான்கார்டு என்ற ஆன்டி-சீட் வேண்டும். 2020இல் கேமோடு வந்த இது கணினியை ஆன் செய்யும்போதே, கேமைத் திறப்பதற்கு வெகு முன்பே, இயங்குதளத்தின் அடியாழமான கெர்னல் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஐகானைத் தொட்டு அதை நிறுத்தலாம். ஆனால் மறுபடி விளையாட வேண்டுமென்றால் கணினியை மூடித் திறக்க வேண்டும். 2024இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் இதே ஏற்பாடு வந்தது. கெர்னலில் ஓடும் நிரலுக்குக் கணினியில் எட்டாத இடம் இல்லை. வாசலில் நிற்க வேண்டிய காவலாளியிடம் பீரோ சாவியையும் கொடுத்து வைத்தது மாதிரி.

கம்பெனிகளின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. ஏமாற்றும் நிரல்களை விற்கிறவர்கள் கெர்னலுக்குள் போய்விட்டார்கள். மேல் தளத்தில் நின்று பார்த்தால் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்துச் சுடும் ஒருவன் ஆட்டத்தில் இருந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் அந்த அரை மணி நேரம் பாழ். அதை அனுபவித்தவர்கள் "எதை வேண்டுமானாலும் போடு, இவனைத் துரத்து" என்று சொல்வது எனக்குப் புரிகிறது. வான்கார்டு யாருடைய கோப்பையும் திருடியதாக நான் சொல்லவில்லை. பிரச்சினை கம்பெனியின் எண்ணத்தில் இல்லை, அந்த இடத்தில் ஒரு சின்னத் தவறு நடந்தாலும் விலை அதிகம் என்பதில் இருக்கிறது.

நடந்தும் இருக்கிறது. 2016இல் கேப்காம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கு ஒரு அப்டேட்டில் கெர்னலில் ஓடும் டிரைவர் என்ற நிரல் ஒன்றைச் சேர்த்தது. கணினியில் இருக்கும் எந்த நிரலும் அதைப் பிடித்துக்கொண்டு உச்ச அதிகாரம் பெறலாம் என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2022இல் கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று பயன்படுத்தியதை டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்புக் கம்பெனி வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், தாக்கப்பட்ட கணினியில் அந்த கேம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முறையான கையொப்பம் உள்ள டிரைவர் என்பதால் அந்தக் கும்பல் அதைத் தானே கொண்டுவந்து போட்டு, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் வெறும் கவனக்குறைவே என்ன செய்யும் என்று பார்க்க, 2024 ஜூலை 19 போதும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் கெர்னல் டிரைவர் பிழையான ஒரு அப்டேட் கோப்பைப் படித்துக் கவிழ்ந்ததில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் ரத்தாயின. அது கேம் சம்பந்தப்பட்டது இல்லைதான், ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் அதே இடம்.

ஆக, வேலைக்கும் வங்கிக்கும் ஒரே லேப்டாப், அதிலேயே வாலரன்ட் என்ற ஏற்பாடுதான் நான் பார்த்தவற்றிலேயே மோசமானது. மிகப் பரவலானதும் அதுதான். கருவியில் வேறு என்ன இருக்கிறது என்ற மூன்றாவது அளவுகோலுக்கு நான் அதிக மதிப்பெண் வைத்ததும் இதனால்தான்.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அந்தப் பெயரைக் கேட்டாலே முன்பு கேமர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு 2018இல் வால்வ் கம்பெனி புரோட்டானை வெளியிட்டபோது குறைய ஆரம்பித்து, 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் வந்தபோது நின்றது. விண்டோஸுக்காக எழுதிய கேம்களை லினக்ஸில் ஓட வைக்கும் இடைத்தளம்தான் புரோட்டான். ஸ்டீம் டெக், அதை உள்ளே வைத்த கைக்கணினி. தனியாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை இன்று அதில் எந்த வித்தையும் செய்யாமல் ஓடுகின்றன. டெஸ்க்டாப் மோடுக்குப் போனால் சாதாரணக் கணினி. வேண்டியதை நிறுவலாம், வேண்டாததை நீக்கலாம். விளம்பர எண் கிடையாது, ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் கிடையாது.

ஓடாதவை எவை? பெரும்பாலும் கெர்னல் ஆன்டி-சீட் கேட்கும் கேம்கள். வாலரன்ட் இல்லை, ஃபோர்ட்நைட் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. ஏமாற்றுகிறவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நண்பர்கள் கூட்டம் முழுக்க இந்த கேம்களில்தான் இருக்கிறது என்றால் ஸ்டீம் டெக் உங்களுக்கு ஆகாது, வாதாடிப் பயனில்லை. நான் கதையுள்ள கேம்களைத் தனியாக விளையாடுகிற ஆள். எனக்கு இந்தக் குறையே பாதுகாப்பு. கெர்னலில் உட்காரக் கேட்கிறவர்கள் தாமாகவே வராமல் போய்விடுகிறார்கள்.

லினக்ஸ் என்றதும் அந்தரங்கம் முழுவதும் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வால்வின் கேம் கடையான ஸ்டீமில் விளையாடினால் வால்வுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ப்ரொஃபைல் செட்டிங்ஸில் முடிவு செய்யலாம். குறிப்பிட்ட ஒரு கேமை மட்டும் நண்பர்கள் கண்ணில் படாமல் மறைக்கவும் முடியும். எந்த கேம் என்று நான் கேட்கப்போவதில்லை.

கிளவுட் கேமிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எங்கோ இருக்கும் சர்வரில் கேம் ஓடுகிறது, நமக்கு வீடியோ வருகிறது, நம் பொத்தான் அழுத்தல்கள் அங்கே போகின்றன. ஆக ஒவ்வொரு அழுத்தலும் அவர்களுக்குத் தெரியும், தெரியாமல் அது நடக்கவே முடியாது. 60 ஃபிரேம் கேமில் ஒரு ஃபிரேமின் ஆயுள் சுமார் 16.7 மில்லிசெகண்ட். சர்வர் தூரத்தில் இருந்தால் போகவர அதைவிடப் பல மடங்கு ஆகும், சண்டை கேம்களில் அது கையிலேயே தெரியும். நிலைத்தன்மை எவ்வளவு என்பதற்கு ஸ்டேடியா என்ற கிளவுட் சேவையே சாட்சி. கூகுள் அதை 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18 அன்று மூடிவிட்டது. வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அந்த மட்டில் கௌரவமான சாவு. ஆனாலும் ஒரு விஷயத்தில் கிளவுட் சாமர்த்தியமானது. ஃபோர்ட்நைட்டை கிளவுடில் விளையாடினால் அதன் ஆன்டி-சீட் ஓடுவது அவர்கள் கணினியில், உங்களுடையதில் ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு இரண்டு ஆட்டம் போடுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு.

கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் விஆர் ஹெட்செட் பற்றி ஒரே ஒரு செய்தி. 2023இல் பெர்க்லி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் பீட் சேபர் என்ற விஆர் கேம் விளையாடிய 50,000க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 100 விநாடி அசைவு கிடைத்தால் போதும், அது யாருடையது என்று 94 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்லிவிட்டது அவர்களின் மாதிரி. பெயர் மாற்றலாம், மின்னஞ்சல் மாற்றலாம், கையை வீசும் விதத்தை எப்படி மாற்றுவது? ஆசை இருந்தால் வாங்குங்கள், அந்தரங்கத்துக்கு ஏற்றது எது என்ற போட்டியில் மட்டும் சேர்க்காதீர்கள்.

சரி, யார் எதை வாங்கலாம்? தனியாக விளையாடுகிறவர், கொஞ்சம் செட்டிங்ஸைத் துழாவத் தயங்காதவர் என்றால் ஸ்டீம் டெக், அல்லது கையில் இருக்கும் பிசியிலேயே லினக்ஸ். முடிந்த கேம்களை ஜிஓஜியில் வாங்கி இன்ஸ்டாலரைச் சேமித்து வையுங்கள். இதுதான் என் முதல் தேர்வு, நானும் இப்படித்தான் விளையாடுகிறேன். செட்டிங்ஸ் என்றாலே எரிச்சல், ஆன் செய்தால் ஓட வேண்டும் என்பவர்களுக்குக் கன்சோல், முடிந்தால் டிஸ்க் போடும் வசதியோடு. அவ்வப்போது பத்து நிமிடம் விளையாடுகிறவர் எதுவும் வாங்க வேண்டாம். போனில் காசு கொடுத்து வாங்கிய நாலு நல்ல கேம் போதும்.

வீட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் என் பதில் தயங்காமல் கன்சோல்தான். அதில் குழந்தைக்கென்று தனி அக்கவுண்ட் திறந்து, பேச்சு, செலவு, நேரம் மூன்றையும் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தலாம். கேம் கம்பெனி தானாகச் செய்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு 2022 டிசம்பர் சாட்சி. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஃபோர்ட்நைட்டின் எபிக் 52 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் 27.5 கோடி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்கான அபராதம். முகம் தெரியாதவர்களோடு குரலில் பேசும் வசதி குழந்தைகளுக்கும் இயல்பாகவே ஆனில் இருந்தது என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. மீதி 24.5 கோடி, குழப்பும் பொத்தான்களால் தெரியாமல் செலவு செய்ய வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர.

கடைசியாக இருப்பவர்தான் சிக்கலானவர். கையில் ஒரே கணினி, வாலரன்ட் விளையாடாமல் இருக்க முடியாது. கன்சோல் வாங்க முடிந்தால் 2024இலேயே அங்கே வாலரன்ட் வந்துவிட்டது, கெர்னல் டிரைவர் தொல்லை இல்லை. ஆனால் பிசி நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது, மௌஸ் பழகிய கைக்கு கன்ட்ரோலர் லேசில் வசப்படவும் வசப்படாது. அப்படியானால் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு, அதில் கேமுக்கு மட்டும் ஒரு விண்டோஸ் நிறுவுங்கள். அந்த விண்டோஸில் கேமைத் தவிர வேறெதிலும் லாகின் செய்யக் கூடாது, மின்னஞ்சல்கூட வேண்டாம். வேலைக்கான பழைய டிஸ்க்கை சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி முழுவதுமாக என்கிரிப்ட் செய்துவிடுங்கள். கேம் விண்டோஸ் ஓடும்போது அந்த டிஸ்க் பூட்டியே இருக்கும், கெர்னலில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும் புரியாத பைட்டுகள்தான் தெரியும். என்கிரிப்ட் செய்யும்போது தரும் மீட்புச் சாவியை மட்டும் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அது தொலைந்தால் கோப்புகள் உங்களுக்கும் கிடையாது.